பாட்டை வெட்டாமல் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியில் 34 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் தனிக் கட்டிடம் இல்லை. வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) தட்டி வைத்து மறைத்து, இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் மேசை போட்டிருக்கிறேன். டி.வி.யும் அங்கேதான். மார்கழி பிறந்தால் பொங்கல் துணி வந்து குவிந்துவிடும். பகல் பூராவும் கண் ஊசியில் இருக்கும், காது டி.வி.யில் இருக்கும். அதனால் நான் படம் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். எந்த வசனத்துக்கு அடுத்து எந்தப் பாட்டு என்பது பழைய படங்கள் பலவற்றில் எனக்கு மனப்பாடம். அந்தப் பாட்டு வராமல் போனால் எனக்கு உடனே தெரிந்துவிடும். இந்த அரையாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்கு எழுத வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் ஒரு சேனலில் ‘கர்ணன்’ போட்டார்கள். திருப்பூரிலிருந்து மகளும் பேரனும் பேத்தியும் வந்திருந்தார்கள். என் அம்மா என்னோடுதான் இருக்கிறார். 84 வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. டி.வி. அவருக்கு வெளிச்சமாகத் தெரியும், முகம் தெரியாது. அவரும் என்னைப் போலப் படத்தைக் கேட்கிறவர்தான். வெடியாலேயே கேட்டுவிட்டார், “ஏங்கண்ணு, சீர்காழி பாட்டு வருமில்ல?” என்று. சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ பாட்டைத்தான் சொல்கிறார். வரும் என்றேன்.

அந்தப் பாட்டு படத்தின் கடைசியில் வருவது. மூன்று மணி நேரம் அம்மா கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபடி காத்திருந்தார். கர்ணன் அம்பு பட்டுச் சாய்ந்தான். நான் கையிலிருந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துவிட்டேன். இந்தப் பாட்டுக்கு மட்டும் ஊசியை நிறுத்திவிடுவது என் வழக்கம். அந்த நேரம் பார்த்து விளம்பரம் வந்தது. நகைக்கடை, சோப்பு, மறுபடி அதே நகைக்கடை. விளம்பரம் முடிந்து படம் திரும்பியபோது குந்தி அழுதுகொண்டிருந்தாள். பாட்டே இல்லை.

“வந்துதா?” என்று கேட்டார் அம்மா.

“இல்லீங்கம்மா. வெட்டிட்டாங்க.”

அம்மா ஒன்றும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேரனுக்கு 11 வயது. அவன் ஓடிவந்து, “பெரிய அம்மிச்சி, நான் போன்ல போடறேன்” என்று அரை நிமிடத்தில் அந்தப் பாட்டை எடுத்துவிட்டான். போனை அவர் காதருகே பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா முழுதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார், “பாட்டு சரிதான் சாமி. கர்ணன் எங்க?”

ஆசிரியர் அய்யா, எனக்கு அதற்குமேல் தைக்க ஓடவில்லை. “பாட்டு வேண்டுமானால் போனில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே” என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அம்மா கேட்ட கேள்வியைத்தான் நான் திருப்பிக் கேட்பேன். மூன்று மணி நேரம் கர்ணன் கொடுத்ததையெல்லாம் பார்த்த பிறகு, நட்புக்காகப் போய் விழுந்து கிடக்கிறானே, அந்த இடத்தில் வருவதால்தான் அந்தப் பாட்டு நெஞ்சை அறுக்கிறது. பாட்டைத் தனியே பிடுங்கி எடுத்தால் அது வேறு பொருள். கழுத்துப் பட்டியை மட்டும் தைத்துக் கொடுத்து இதுதான் சட்டை என்றால் யாராவது வாங்கிக்கொள்வார்களா?

இதில் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா டூரிங் கொட்டாயில் ஆபரேட்டராக இருந்தவர். அந்தக் காலத்தில் கொட்டாய்க்கு ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, கார்பன் குச்சியைச் சரிசெய்து மறுபடி ஓட்ட வேண்டும். சனம் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். நான் கேபினில் ஸ்டூலுக்கு அடியில் உட்கார்ந்து படம் கேட்டு வளர்ந்தவள். கேட்கிற பழக்கம் அங்கேயே வந்ததுதான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். மார்கழி மாதம். கரும்பாலை ஓடுகிற காலம், கொட்டாய்க்குள் வரைக்கும் பாகு வாசம் அடிக்கும். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மறுபடி வந்திருந்தது. நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம், தமிழில் முழு நீளமும் வண்ணத்தில் வந்த முதல் படம், 1956 பொங்கலுக்கு வந்தது. எடுத்த டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். இரண்டாம் ஆட்டத்தில் ஆயில் என்ஜினுக்கு டீசல் மிச்சம் பிடிக்க வேண்டும், ஒரு பாட்டை எடுத்துவிடு என்று கொட்டாய் முதலாளி சொல்லிவிட்டார். அப்பா ‘மாசிலா உண்மைக் காதலே’ பாட்டை எடுத்துவிட்டுப் படத்தை ஓட்டினார். படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நாலு நிமிடப் பாட்டென்றால் 360 அடி. அந்தச் சுருளை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி என் பக்கத்தில்தான் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கேபின் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். பவானிப் பக்கம் ஜமக்காளம் நெய்கிறவர். கத்தவில்லை, சண்டைக்கும் வரவில்லை. “ஏனுங்க மாப்ள, பாட்டைக் காணமுங்களே?” என்றார். அப்பா, நேரமாகிவிட்டது, முதலாளி சொல்லிவிட்டார் என்றார். “நானு நாலு மைலு நடந்து வந்தது அந்தப் பாட்டுக்குத்தானுங்க” என்றார் பெரியவர். தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

படம் முடிந்தது. சனம் எழுந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா என்ஜினை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த 360 அடியை எடுத்து மாட்டி ஓட்டினார். வெளியே போன சனத்தில் பத்துப் பதினைந்து பேர் திரும்பி வந்து நின்றபடியே பார்த்தார்கள். ஏ.எம். ராஜாவும் பானுமதியும் பாடி முடித்தார்கள். பெரியவர் அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இருட்டில் நடந்தார். அப்பா விளக்கின்கீழ் உட்கார்ந்து படச்சுருளின் ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, ஃபிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி, பாட்டைப் பழைய இடத்திலேயே ஒட்டினார். மறுநாள் முதலாளியிடம் பேசி, படத்துக்கு முன்னால் காட்டுகிற விளம்பர சிலைடுகளைக் குறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டாயில் பாட்டு வெட்டுப்படவில்லை.

ஒரு கிராமத்துக் கொட்டாயில், டீசல் எண்ணி ஊற்றுகிற நிலைமையில் இது முடிந்தது. இத்தனை வசதி இருக்கிற சேனல்களால் ஏன் முடியவில்லை?

இனி விடுமுறையின் மீதி நாட்கள். கர்ணனில் மனசு விட்டுப்போன பிறகு பேரன் தன் அப்பாவின் கணக்கில் ஓ.டி.டி.யைத் திறந்து, மறுநாள் சாயங்காலம் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ போட்டான். 1965இல் வந்த ஆங்கிலப் படம், 174 நிமிடம். நான் அன்று 11 ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்க வேண்டியிருந்தது, பாட்டுக்குக் காது கொடுத்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். மலை மேல் ஒரு பெண் கைகளை விரித்துப் பாடுவதில் படம் தொடங்குகிறது. அம்மா, “குளுகுளுன்னு இருக்குதே, ஊட்டியா?” என்றார். ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் என்று பேரன் படித்துச் சொன்னான்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. பேரன் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தான், முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு நான் அவனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். புரிந்துவிட்டது. மனைவி இறந்துபோன ஒரு கப்பல் கேப்டன். ஏழு பிள்ளைகள். வீட்டில் பாட்டு கூடாது, விசில் ஊதித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் அவர்களுக்குப் பாடச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருநாள் வெளியிலிருந்து வருகிற கேப்டனுக்கு வீட்டுக்குள் பிள்ளைகள் பாடுவது கேட்கிறது. உள்ளே வருகிறார். கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு அவரும் சேர்ந்து பாடுகிறார்.

இந்த இடத்தில் என் கையில் ஊக்கு தைக்கிற நூல் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் தவறிய வருடம் நான் எட்டு மாதம் டி.வி. போடவில்லை. கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான். துணி கொடுக்க வருகிறவர்கள்கூட மெதுவாகப் பேசிவிட்டுப் போவார்கள். பாட்டு நின்ற வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை முதலில் உடைத்தவள் என் மகள். ஒரு நாள் காலையில் என்னைக் கேட்காமல் ரேடியோவைத் திருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தக் கேப்டன் வாய் திறந்து பாடியபோது எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் அந்தப் பாட்டை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? வெளியே போன கேப்டன் வேறு ஆளாகத் திரும்பி வந்து நிற்பார், ஏன் மாறினார் என்று ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்காவிலேயே ஒரு சேனல் இதே படத்தைப் பல வருடம் அரை மணி நேரம் குறைத்துத்தான் போட்டதாம், 1995இல்தான் நாலு மணி நேரம் ஒதுக்கி முழுசாகப் போட்டார்களாம். பேரன் போனில் படித்துச் சொன்னான். அங்கேயும் சனம் கேட்டுத்தான் வாங்கியிருக்கும்.

பாதிப் படத்தில் அம்மா, “இது நம்ம சாந்தி நிலையமாட்டவே இருக்குதே கண்ணு” என்றார். கண் தெரியாதவர், மொழி தெரியாதவர், கதையைக் கேட்டே பிடித்துவிட்டார். 1969இல் வந்த ‘சாந்தி நிலையம்’ இந்தப் படத்தின் சாயல் உள்ளதுதான். ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்தது, மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியது. அம்மா அதில் வருகிற ‘கடவுள் ஒரு நாள் உலகைக் காண’ பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். பேத்திக்கு ஏழு வயது. அவள் அந்த ஆங்கிலப் படத்தில் குழந்தைகள் ஸ்வரம் கற்றுக்கொள்கிற பாட்டைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மூன்று நாள் என் பழைய கால்மெஷினை மிதித்துக்கொண்டே டோ ரே மி. அதற்கு அம்மா கட்டிலில் இருந்தபடி ச ரி க ம. ஒருவருக்கொருவர் 77 வருட வித்தியாசம். இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கப் பாட்டைத் தவிர வேறு எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. அரையாண்டு விடுமுறை ஒன்பது பத்து நாள்தான். நாலு தலைமுறை ஒரே கூரையின்கீழ் இருக்கிற நாட்கள் வருடத்தில் அவ்வளவுதான். அந்த நாட்களில் பாட்டை வெட்டுகிறார்களே என்பதுதான் என் வேதனை.

இன்னொரு படமும் பார்த்தோம். ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’, 1946இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இது பாட்டுப் படம் அல்ல. ஊர்க்காரர்களுக்கு வீடு கட்டக் கடன் கொடுக்கிற சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறவனின் கதை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவனுடைய சித்தப்பா 8,000 டாலரைத் தொலைத்துவிடுகிறார். ஜெயிலுக்குப் போக வேண்டும் என்கிற நிலைமையில் அவன் ஆற்றுப் பாலத்தில் போய் நிற்கிறான். மஞ்சள் விலை சரிந்த வருடங்களில் இப்படி நின்ற மனிதர்களை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடைசியில் ஊரே திரண்டு வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொருவராகக் கையில் இருந்ததை மேசையில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். “இது மொய்யல்ல?” என்றார் அம்மா. ஆமாம், நோட்டுப் போட்டு எழுதவில்லை, அவ்வளவுதான். பணம் குவிந்ததும் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். எழுதாத மொய்யும் ஊர்ப்பாட்டும் சேர்ந்த இடத்தில் நான் வாய்விட்டு அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தப் படத்தைப் பற்றி மருமகன் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இந்தக் கடிதத்துக்கே உட்கார வைத்தது. வந்த புதிதில் அது வசூலில் நஷ்டம். 1974இல் உரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காசு கொடுக்காமல் போடலாம் என்றதும் அமெரிக்காவின் டி.வி. நிலையங்களெல்லாம் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அதைப் போட ஆரம்பித்தன. போட்டுப் போட்டு அது பண்டிகைப் படமாகிவிட்டது. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படமும் கிறிஸ்துமஸுக்கு வந்ததல்ல, மார்ச் மாதம் வந்தது. நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. ‘சகலகலா வல்லவன்’ 1982 ஆகஸ்டில் வந்த படம். அதில் வருகிற ‘ஹேப்பி நியூ இயர்’ பாட்டைத்தான் எஸ்.பி.பி. குரலில் தமிழ்நாடே ஒவ்வொரு டிசம்பர் 31 ராத்திரியும் போடுகிறது. எங்கள் ஊர்ச் சாவடியிலும் இந்த முறை 12 மணிக்குப் போட்டார்கள். யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. வருடா வருடம் அதே நாளில், அதே பாட்டை, முழுசாகப் போட்டார்கள். அதனால் அது அந்த நாளுக்குச் சொந்தமாகிவிட்டது.

நம்முடைய பாட்டுப் படங்களுக்கும் அப்படி ஒரு நாள் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. நம் கொங்குச் சீமையே எத்தனை படம் கொடுத்திருக்கிறது! கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட்டுக்காகத்தான் சனம் போயிற்று. விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசரபிள்’ கதையை ஆங்கிலத்தில் பாட்டுப் படமாக எடுத்து 2012 கிறிஸ்துமஸுக்கு வெளியிட்டார்கள், நடிகர்கள் படப்பிடிப்பிலேயே பாடினார்கள் என்று பெரிதாகப் பேசினார்கள். அதே கதையை 1950இலேயே கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ ‘ஏழை படும் பாடு’ என்று எடுத்துவிட்டது. நடிகர் ஜாவர் சீதாராமனுக்கு ஜாவர் என்ற பெயர் வந்ததே அந்தப் படத்தில்தான். இதெல்லாம் விடுமுறை நாளில் முழுசாக வருகிறதா? என் காதுக்கு எட்டியவரை இல்லை.

மார்கழிக்கென்றே ஒரு கதை நம்மிடம் இருக்கிறது. நந்தனார் கதை. திருவாதிரைக்குச் சிதம்பரம் போக வேண்டும் என்று ஏங்கியவரின் கதையை விட மார்கழிக்குப் பொருத்தமானது எது? தண்டபாணி தேசிகர் நடித்து ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ 1942இல் வந்தது. அதற்கு முன்பே, 1935இல், கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்து ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் வாங்கியிருக்கிறார். என் அம்மா பிறந்ததும் கொடுமுடிப் பக்கம்தான். கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘வழி மறைத்திருக்குதே’ அம்மாவுக்கு முழுசாகத் தெரியும். இந்தத் திருவாதிரைக்குக் களி கிண்டும்போது அதைப் பாடினார். நந்தி மறைப்பதால் வெளியே நின்று சாமியைப் பார்க்க முடியாமல் தவிக்கிற பாட்டு. பேரன் கேட்டான், “அவர் ஏன் உள்ள போய்ப் பாக்கல?”

நான் கரண்டியை வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளே விடவில்லை என்று சொன்னேன். ஏன் விடவில்லை என்றும் சொன்னேன். என் அப்பாவின் கொட்டாயில் எல்லோரும் ஒரே மணலில் உட்கார்ந்தார்கள், இடைவேளையில் வெளியே வந்தால் டீக்கடையில் இரண்டு விதமான டம்ளர் இருந்தது, அதையும் நான் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். நந்தனார் தீயில் இறங்கித்தான் வர வேண்டியிருந்தது என்கிற முடிவு எனக்கு என்றைக்கும் ஒப்பவில்லை. அதையும் அவனிடம் மறைக்கவில்லை. அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். நான் பாடமாக நடத்தியிருந்தால் அந்தப் பையன் கேட்டிருப்பானா? ஒரு பாட்டு அவனைக் கேட்க வைத்தது.

கிறிஸ்துமஸுக்கு ‘ஞானசௌந்தரி’ போடலாம், 1948இல் வந்தது. என்னிடம் காஜா வேலைக்கு வருகிற பெண்ணின் வீட்டில் ‘அருள் தாரும் தேவமாதாவே’ பாட்டு இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஊர் ஊராகக் காட்டத் தொடங்கிய படமே ஏசுவின் வாழ்க்கைதான். பொங்கலுக்கு இருக்கவே இருக்கிறது ‘அலிபாபா’.

உரிமை இல்லை, செலவாகும் என்பார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் படத்தின் உரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம்தான். அந்தக் கணக்கில் 1956 படத்துக்கு 2016 கடைசியோடு முடிந்துவிட்டது. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை வேறு, அது அவர்கள் காலத்துக்குப் பிறகு 60 வருடம். அதற்குரிய பணத்தை அவர்கள் குடும்பத்துக்குக் கொடுத்துத்தான் போட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உழைத்தவன் கூலியை யாரும் பிடிக்கக் கூடாது.

நேரம் போதவில்லை என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டி.வி. விதி இருக்கிறது. அப்படியானால் மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் விளம்பரமும் முழுசாக வரும், படமும் முழுசாக வரும். மூன்று மணி நேரம் மட்டும் ஒதுக்கிவிட்டு, இடம் பற்றாமல் பாட்டில் கத்தரி வைக்கிறார்கள். நாங்கள் ஆளுக்கு அளவெடுத்துத் துணியை வெட்டுகிறோம், துணிக்குத் தக்கபடி ஆளை வெட்டுவதில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தினமும் டி.வி. நிகழ்ச்சிப் பட்டியல் போடுகிறீர்கள். அரையாண்டு விடுமுறை தொடங்கி, பொங்கலை ஒட்டி வருகிற பூப்பறிக்கிற நோம்பி முடிகிற வரைக்குமாவது, ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் பக்கத்தில் அந்தப் படம் தியேட்டரில் வந்தபோது எத்தனை நிமிடம் என்று ஒரு எண்ணைப் போடுங்கள். சேனல் ஒதுக்கியிருக்கிற நேரம் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தால் வெட்டு விழுமா விழாதா என்று எங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு வரிக்கு மூன்று இலக்கம்தான், இடம் அடைக்காது. வெட்டப்போகிற படம் என்று தெரிந்தால், வயசானவர்களை மூன்று மணி நேரம் உட்கார வைக்காமல் இருப்போம். முழுசாகப் போடுகிற சேனலுக்கு வாசகர்களாகிய நாங்கள் கடுதாசி எழுதி நன்றி சொல்வோம். நான் முதல் கடுதாசி எழுதுகிறேன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் திறந்து திருப்பூர் போய்விட்டார்கள். மெஷினில் பேத்தியின் ரிப்பன் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு மறு கண்ணில் புரை எடுக்க மாசி மாதம் நாள் சொல்லியிருக்கிறார்கள். கட்டு அவிழ்த்ததும் முதலில் என்ன படம் போடட்டும் என்று கேட்டேன். கர்ணன் என்றார். கொஞ்சம் பொறுத்து, “வெட்டாமப் போடற டி.வி.யாப் பாத்துப் போடு கண்ணு” என்றார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தையல் கடைக்காரி,
கவுந்தப்பாடி.